இருட்டில் ஓடிய ஆட்டம்

அத்தியாயம் 5

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு டெஸ்டரின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது. "தையல்கூடத்து டிவியில சத்தம் வருது, படம் வரல. நாளைக்கு வந்து பாருங்க."

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அதே எண்ணிலிருந்து இன்னொன்று. "வரும்போது உங்க அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. ராஜா அங்கியைக் காணோம்."

கடையின் முன்பாதியில் அவன் டிவி பழுது பார்த்தான். திரைக்குப் பின்னால் இருந்த மறுபாதியில் அவனுடைய அண்ணன் மனைவி துப்பறியும் நிலையம் நடத்திவந்தார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர்ப்பலகை: 'பழுது எதுவானாலும் கண்டுபிடிக்கப்படும்'. கையில் எப்போதும் மின்சாரம் சோதிக்கும் டெஸ்டரோடு திரிவதால் அவனுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அண்ணி மட்டும் 'கொழுந்தனாரே' என்பார். அதில் பாதி மரியாதை, மீதி கிண்டல். எந்தப் பாதி எது என்று அவன் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

"ஒரே வீட்டுல ரெண்டு நோயாளி, அண்ணி. யாரை முதல்ல பாக்கறது?"

"சத்தம் போடறவங்களை," என்று அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டார்.

தையல்கூடத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் முதலாளியம்மா. நீளமான கூடம். நடுவில் பெரிய வெட்டுமேஜை, ஓரமாக ஆறு தையல் இயந்திரங்கள், தெருப்பக்கம் இரும்பு ஷட்டர், பின்பக்கம் இஸ்திரி அறைக்குப் போகும் கதவு. அந்தக் கதவில் முகம் தெரியும் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சதுரம். சுவரில் டிவி. தையல்காரப் பெண்கள் மூன்று பேர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டருக்குப் பக்கத்தில், தோளில் பையோடு, போவதா நிற்பதா என்று தெரியாமல் கட்டிங் மாஸ்டர் நின்றிருந்தார். ஐம்பதைத் தொட்ட, ஒல்லியான மனிதர். ஒன்பது வருடமாக அந்த மேஜையில் கத்தரி பிடித்தவர்.

"நாடகக் குழுவுக்குத் தைச்ச அங்கிம்மா," என்றார் முதலாளியம்மா. "ஆறு வார வேலை. இன்னைக்கு சாயங்காலம் ஆறரைக்கு அதைப் போட்டுக்கிட்டு ராஜா மேடை ஏறணும். சனிக்கிழமை இஸ்திரி அறையில மாட்டி வச்சேன். காலையில வந்து பாத்தா வெறும் ஹேங்கர் ஆடுது."

"நேத்து லீவு நாள்தானே. யார்கிட்ட சாவி இருந்தது?"

"ஷட்டர் சாவி மாஸ்டர்கிட்ட. நேத்து மத்தியானம் கொஞ்சம் வெட்டு வேலை இருக்குன்னு வந்தார். பின்வாசல் சாவி என் தம்பிகிட்ட. அவன்தான் இங்க மேனேஜர். அவன் நாலு மணிக்கு ஏதோ எடுக்க வந்திருக்கான். இவர் அங்கியை மடிச்சுப் பையில வைக்கிறதைக் கண்ணாடி வழியா பாத்திருக்கான். டிவி வெளிச்சம் முகத்துல நீலமா அடிச்சதாம், தெளிவா தெரிஞ்சதாம்."

"மாஸ்டர் என்ன சொல்றார்?"

"பொய் சொல்றார். மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் உக்காந்து கால்பந்து இறுதி ஆட்டம் பாத்தேன்னு சொல்றார். டிவி காலையிலயே இருட்டாயிடுச்சும்மா. நானே பாத்து உங்க கொழுந்தனுக்குச் செய்தி அனுப்பினேன். வராத படத்தை இவர் எப்படிப் பாத்தார்? திருடலைன்னா எதுக்குப் பொய் சொல்றார்? இந்தப் பொண்ணுங்க முன்னாடியே சொல்லிட்டேன், இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்கன்னு. ஊர்ல எந்தத் தையல்கூடத்துலயும் இவருக்கு மேஜை கிடைக்காது."

அண்ணி வாய்க்குள் ஏதோ கணக்குப் போடுவதுபோல உதட்டை மட்டும் சுழித்தார். அந்தச் சுழிப்பை டெஸ்டர் நன்றாக அறிவான். யாரோ சொன்ன இரண்டு வாக்கியங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால்தான் அது வரும்.

"உங்க தம்பி எங்க?"

"நாடகக்காரங்களைச் சமாதானப்படுத்தப் போயிருக்கான். இப்ப வந்துடுவான்."

"வரட்டும். அதுக்குள்ள டிவியைப் பாருங்க, கொழுந்தனாரே."

டெஸ்டர் ரிமோட்டை அழுத்தினான். செய்தி வாசிப்பவரின் குரல் கணீரென்று வந்தது. திரையோ அடுப்புக்கரி. சத்தத்தைக் கூட்டினான், கூடியது. சேனலை மாற்றினான், மாறியது.

"மூளை வேலை செய்யுது, காது கேக்குது, வாய் பேசுது. பேக்லைட் போயிருக்கு," என்றான். "படத்துக்குப் பின்னாடி விளக்கு எரிஞ்சாத்தான் அண்ணி படம் தெரியும். விளக்கு செத்தாலும் படம் அங்கயேதான் ஓடிக்கிட்டு இருக்கும், பாக்கத்தான் முடியாது. பாருங்க."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டார்ச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தான். தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் வெளுத்தது. அந்த வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் ஒரு கண்ணும் அரை மூக்கும் மங்கலாகத் தெரிந்தன. தையல்காரப் பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

டெஸ்டர் டார்ச்சை நகர்த்தவில்லை. திரையின்மேல் வேறு ஒன்று அவன் கண்ணில் பட்டது. சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில் கண்ணாடி முழுக்க நீலநிறப் பொடிக் கோடுகள். சின்னச் சின்ன வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று, இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஒரு மூலையில் மட்டும் அப்பிக்கொண்டு அடர்த்தியாக.

"டிவிக்கு யாரோ சட்டை தைக்க அளவு எடுத்திருக்காங்க, அண்ணி. சாக்பீஸ் கோடு."

அண்ணி அருகில் வந்து பார்த்தார். தன் விரலால் ஒரு வட்டத்தைத் தொட்டார். பிறகு திரும்பி, மாஸ்டரின் கைகளைப் பார்த்தார். துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் பொடி அவருடைய நகக்கண்ணில் இருந்தது.

"மாஸ்டர், உங்க டார்ச்சைக் காட்டுங்க."

மாஸ்டர் தயங்கிப் பையிலிருந்து எடுத்தார். டார்ச்சின் வாய் விளிம்பு முழுக்க நீலம்.

"இதை ஏன் நீங்க சொல்லல?"

"சொல்ல விட்டாத்தானே," என்றார் மாஸ்டர். அப்போதுதான் அவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அதுவும் எப்படிம்மா சொல்றது. டார்ச் அடிச்சு டிவி பாத்தேன்னு சொன்னா, திருடன்னு சொன்னவங்க பைத்தியம்னும் சேத்துச் சொல்வாங்க. வேலை மூணு மணிக்கு முடிஞ்சது. வீட்டுக்குப் போறதுக்குள்ள பாதி ஆட்டம் போயிடும். சும்மா சத்தமாவது கேப்போம்னு போட்டேன். போன மாசம் என் மச்சான் வீட்டு டிவி இப்படித்தான் ஆச்சு, அங்க பழுது பாத்தவர் டார்ச் அடிச்சுக் காட்டினார். அது ஞாபகம் வந்தது. விளக்கை அணைச்சு, ஷட்டரை இறக்கினா நல்லாவே தெரிஞ்சது. என்ன, பந்து ஓடற பக்கமெல்லாம் கையும் ஓடணும்."

டெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "ஆட்டத்துல வர்ணனைக்காரர் சொல்லாதது எதையாவது பாத்தீங்களா, மாஸ்டர்?"

மாஸ்டர் யோசித்தார். "நடுவர் ஷூ கயிறு அவுந்துடுச்சு. மூணாம் நம்பர் ஆள் மண்டி போட்டுக் கட்டிவிட்டார். அப்ப வர்ணனைக்காரங்க மழை வருமா வராதான்னு பேசிக்கிட்டிருந்தாங்க."

"எழுபதாவது நிமிஷம்," என்று டெஸ்டர் அண்ணியைப் பார்த்தான். "நான் வீட்ல பாத்தேன். இவர் காதால மட்டும் பாத்திருந்தா அந்தக் கயிறு தெரிஞ்சிருக்காது."

முதலாளியம்மா வெட்டுமேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கோபம் போகவில்லை, ஆனால் அதற்கு நிற்க இடம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. "சரி, ஆட்டம் பாத்தார்னே வச்சுக்குவோம். ஆட்டத்துக்கு நடுவுல திருடக் கூடாதா? என் தம்பி கண்ணால பாத்தானே."

அந்த நேரத்தில் பின்கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் உள்ளே வந்தார். அக்காவைவிட ஒரு சுற்றுப் பெரிய உடம்பு, வாரிவிட்ட முடி, நடையில் ஒரு மிடுக்கு. அண்ணி அவரைக் கும்பிட்டு, ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"நீங்க பாத்ததை இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

"நாலு மணி. இஸ்திரி ரூம்லேருந்து கண்ணாடி வழியா பாத்தேன். கூடம் இருட்டு. ஆட்டம் ஓடிக்கிட்டிருந்தது. டிவி வெளிச்சத்துல இவர் அங்கியை மடிச்சுக்கிட்டிருந்தார். அந்த நீல வெளிச்சம் இவர் முகத்துல விட்டு விட்டு அடிச்சது, சினிமா மாதிரி."

"நல்லா சொன்னீங்க. கொழுந்தனாரே, கூடத்தை இருட்டாக்குங்க. டிவியைப் போடுங்க."

ஷட்டர் இறங்கியது. விளக்குகள் அணைந்தன. ஷட்டரின் அடியில் நூல்போல ஒரு வெளிச்சம் மட்டும் கிடந்தது. ரிமோட்டின் சத்தம் கேட்டது. செய்தி வாசிப்பவர் எங்கோ பாலம் கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கூடம் கிணறு மாதிரி இருந்தது.

"மேனேஜர் சார், நான் எங்க நிக்கிறேன்?" அண்ணியின் குரல்.

"தெரியல."

"கையில என்ன வச்சிருக்கேன்?"

"தெரியலைங்க. டிவியை யாராவது போடுங்களேன்."

"போட்டுத்தான் இருக்கு சார்," என்றான் டெஸ்டர். "பாலம் கட்டறாங்க, பாருங்க."

விளக்கு எரிந்தது. மேனேஜரின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், மாஸ்டரின் பெரிய கத்தரியைப் பிடித்தபடி அண்ணி நின்றிருந்தார். மேனேஜர் இரண்டடி பின்வாங்கினார்.

"முதலாளியம்மா," என்றார் அண்ணி, கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு. "மாஸ்டர் மேல நீங்க வச்சது ரெண்டு குத்தம். டிவி இருட்டா இருந்தது, அதனால அவர் பாத்தேன்னு சொன்னது பொய். டிவி வெளிச்சத்துல உங்க தம்பி பாத்தார், அதனால அவர் திருடினது நிஜம். டிவி எரிஞ்சதா, எரியலையா? ரெண்டுல ஒண்ணைத்தான் நீங்க வச்சுக்க முடியும்."

முதலாளியம்மா மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

மேனேஜர் சளைக்கவில்லை. "போட்டதும் ஒரு செகண்டு வெளிச்சம் வந்து அணையும். எங்க வீட்டு டிவி அப்படித்தான் போச்சு. அந்த ஒரு செகண்டுல பாத்தேன்."

இது அண்ணி எதிர்பாராதது. அவர் டெஸ்டரைப் பார்த்தார். வாழ்க்கையில் அண்ணி தன்னைப் பார்த்துப் பதில் தேடும் தருணங்கள் அபூர்வம் என்பதால், டெஸ்டர் தொண்டையைக் கனைத்துச் சற்று நேரம் எடுத்துக்கொண்டான்.

"சார் சொல்றது உண்மைதான், சில டிவியில. அதுல விளக்கு ரெண்டு வரிசையா தனித்தனியா இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு ஒரு செகண்டு எரியும். ஏதோ தப்பு நடக்குதுன்னு கண்டுபிடிச்சு சர்க்யூட்டே அணைச்சிடும். இந்த மாடல்ல ஒரே வரிசை. எல்லா விளக்கும் கைகோத்து நிக்குது. ஒண்ணு கையை விட்டா மொத்தமும் இருட்டு. கால் செகண்டு கூட எரியாது." அவன் டிவியை அணைத்துப் போட்டான். அணைத்துப் போட்டான். மூன்றாவது முறையும் கரிதான்.

"அப்புறம் இன்னொண்ணு," என்றார் அண்ணி. "நீங்க அந்தக் கண்ணாடி வழியா நிஜமாவே பாத்திருந்தா, இருட்டுல ஒரு மனுஷன் டிவிமேல டார்ச் அடிச்சுக்கிட்டு, பந்து போற பக்கமெல்லாம் கையை ஆட்டிக்கிட்டு நின்னதைப் பாத்திருப்பீங்க. அதைப் பாத்தவங்க யாரும் சொல்லாம இருக்க மாட்டாங்க. நீங்க பாக்கல சார். ஆட்டச் சத்தத்தைக் கேட்டீங்க. சத்தம் இருந்தா வெளிச்சமும் இருக்கும்னு நினைச்சுட்டீங்க."



"அப்ப அங்கி எங்க?" என்றார் முதலாளியம்மா.

"அது எனக்குத் தெரியாது," என்று அண்ணி ஒப்புக்கொண்டார்.

 பேச்சு நின்றுவிட்டால் டெஸ்டருக்குக் கை நமநமக்கும். "நான் என் வேலையை ஆரம்பிக்கிறேன். விளக்கு மாத்தணும்னா திரையைத் தனியா கழட்டி வைக்கணும், அப்பளம் மாதிரி நொறுங்கற சாமான். டிவி வந்த அட்டைப்பெட்டி தெர்மாகோலோட இருந்தா குடுங்க."

"அது இல்ல," என்றார் மேனேஜர் அவசரமாக. "பழைய பேப்பர்காரருக்குப் போட்டாச்சு. போன வருஷமே."

"என்னடா சொல்றே," என்றார் அக்கா. "இஸ்திரி ரூம் பரண்மேல இருக்கு. நேத்துக் காலையில கூடப் பாத்தேனே."

டெஸ்டர் ஸ்டூலைப் போட்டு ஏறினான். பெட்டியை இழுத்தபோது கை தாழ்ந்தது.

"அண்ணி, காலிப் பெட்டி இவ்வளவு கனம் கனக்குமா?"

வெட்டுமேஜையில் வைத்துத் திறந்தார்கள். மேலே தெர்மாகோல். கீழே கருநீலப் பட்டில் தங்க நூல் வேலை, மடிப்பு மடிப்பாக. முதலாளியம்மா பெருமூச்சோடு அதைத் தூக்கி விரித்தார். விரித்த கை அப்படியே நின்றது. அங்கியின் முதுகில், இடுப்புக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டியின் முழு உருவம். கூர்முனை மேலே பார்க்க, பழுப்பாகக் கருகி, அழகாகவே பதிந்திருந்தது.

இத்தனை நேரம் திருட்டைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, திருட்டே நடக்கவில்லை என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்னுதான்கா," என்றார் மேனேஜர். மிடுக்கு எங்கோ போயிருந்தது. "எனக்குச் சரியா இருந்தது. ஆளுயரக் கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு வசனம் கூடப் பேசினேன். உக்காந்து எழுந்ததுல பின்பக்கம் கசங்கிடுச்சு. இஸ்திரி போட்டேன். அந்த நேரம் பாத்து உள்ள கோல் விழுந்தது. யார் போட்டதுன்னு காதைக் குடுத்தேன். கையில இஸ்திரிப் பெட்டி இருக்கறது மறந்துடுச்சு. நாடகத்துக்காரங்க முகத்தை நினைச்சேன். உன் முகத்தை நினைச்சேன். பயந்துட்டேன்கா."

"என் முகத்தை நினைச்சே," என்றார் அக்கா. "மாஸ்டர் முகத்தை நினைக்கலியா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். முதலாளியம்மா மாஸ்டரைப் பார்க்க முயன்றார். பார்வை அவர் தோள்பை வரைதான் போனது.

மாஸ்டர் பையை இறக்கிவைக்கவில்லை. பையோடேயே மேஜைக்கு வந்து, கருகிய இடத்தை விரலால் தடவி, துணியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல நேரம் எடுத்துக்கொண்டார்.

"உள்துணி தப்பிச்சிருக்கு," என்றார். "முதுகுல கழுத்துலேருந்து விளிம்பு வரைக்கும் ஒரு அகலப் பட்டையா வெட்டி எடுத்துட்டு, சிவப்புப் பட்டு வச்சுத் தைக்கலாம். முதல்லேயே அப்படித் தைச்ச மாதிரி இருக்கும். மூணு பேரும் சேந்து உக்காந்தா அஞ்சு மணிக்கு முடியும்."

"செய்யுங்க மாஸ்டர்," என்றார் முதலாளியம்மா. 

"செய்யறேன். அதுக்கு முன்னாடி, காலையில இவங்க முன்னாடி என்னைச் சொன்னதை, இவங்க முன்னாடியே வாபஸ் வாங்கிக்குங்க."

தையல்காரப் பெண்கள் மூவரும் நிமிர்ந்தார்கள். அண்ணி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் பார்த்து, கடைசியில் மாஸ்டரின் கண்ணைப் பார்த்தார்.

"மாஸ்டர் திருடலை. நான்தான் யோசிக்காம பேசினேன். ஒன்பது வருஷத்தை ஒரு நிமிஷத்துல தூக்கிப் போட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

மாஸ்டர் தலையசைத்தார். பையை ஆணியில் மாட்டினார்.

மேஜையின் ஒரு கோடியில் கத்தரி ஓட, மறுகோடியில் ஸ்க்ரூடிரைவர் ஓடியது. டெஸ்டரும் அண்ணியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைத் தூக்கித் தெர்மாகோலின் மேல் வைத்தார்கள். வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்ததும், ஒன்றோடொன்று கோத்த மூன்று பட்டைகளில் இருபத்தொரு குட்டி விளக்குகள் தெரிந்தன. டெஸ்டர் ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டான். தொட்டதெல்லாம் எரிந்தது. பதினோராவது எரியவில்லை. அதன் மஞ்சள் வயிற்றில் கடுகளவு ஒரு கருப்புப் புள்ளி.

"ஒரு கடுகு, இத்தனை கலாட்டா," என்றான்.

"அதை மட்டும் மாத்தினாப் போதாதா?" என்றார் அண்ணி.

"மத்ததும் இதே வயசு அண்ணி. இன்னைக்கு இது, அடுத்த மாசம் அது. மூணு பட்டையும் மாத்திட்டு, வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைச்சு வச்சுடறேன். முழு வெளிச்சத்துல வச்சுத்தான் இவங்க இதைச் சாகடிச்சாங்க."

ஒரு மணிக்கு டிவியில் படம் வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேஜையின் அந்தக் கோடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புப் பட்டையைக் குண்டூசி குத்தி நிறுத்திப் பார்க்க ஓர் உடம்பு வேண்டியிருந்தது. நடிகர் ஒத்திகையில் இருந்தார். மாஸ்டர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மூலையில் ஒடுங்கி நின்ற மேனேஜரிடம் அங்கியை நீட்டினார்.

"போடுங்க."

"மாஸ்டர், வேண்டாம். நான்..."

"உங்களுக்குச் சரியா இருந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க. கையை விடுங்க."

மேனேஜர் கையை நுழைத்தார். தங்க நூல் தோளில் விழுந்தது. தையல்காரப் பெண்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள், ஆனால் சிரிக்கவில்லை. அது அவருக்கு அவ்வளவு பொருந்தியிருந்தது. மாஸ்டர் முட்டி போட்டு, உதட்டில் பின்களைக் கவ்வியபடி, விளிம்பிலிருந்து மேல்நோக்கிக் குத்திக்கொண்டே வந்தார்.

"மாஸ்டர்," என்றார் மேனேஜர் மிக மெதுவாக. கண் நிறைந்திருந்தது. "என்னை மன்னிச்சிடுங்க."

மாஸ்டர் அடுத்த பின்னைக் குத்தி முடித்தார். வாயில் இருந்த மீதிப் பின்களை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, அவர் முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

"நேரா நில்லுங்க. ராஜா கூன் போட மாட்டார்."